தொடர்மாடி வீட்டில் துணி நப்பி: கொழும்பில் உண்மையாகவே செலவு குறையுமா?

கேள்வி
எழுதியவர்: வெள்ளவத்தை நான்காம் மாடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு இப்போது மூன்றரை மாதம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு தொடர்மாடியில், நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பிறந்த நாளிலிருந்து பம்பர்ஸ் மட்டுமே கட்டி வருகிறோம். ஒரு நாளைக்கு ஆறோ ஏழோ தேவைப்படுகிறது. பெரிய பொதியாகப் பார்த்து வாங்கினாலும், நாங்கள் வாங்கும் வகையில் ஒன்று ஏறத்தாழ 80 ரூபாவுக்கு வந்து நிற்கிறது. வாடகைக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் அடுத்தபடியாக இதுதான் பெரிய செலவு என்று கணவர் சொல்லும்போது, மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், இரண்டு பிள்ளைகளையும் துணி நப்பியிலேயே வளர்த்ததாகவும் பெருந்தொகை மிஞ்சியதாகவும் சொல்கிறார். ஆனால் அவருடைய வீட்டில் உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு சலவை இயந்திரம் மட்டும்தான். குசினிக்குப் பின்னால் ஓர் ஆள் திரும்பி நிற்கக்கூடிய அளவுக்கே துணி காயப்போடும் இடம் உண்டு. முன்பக்கத்துப் பல்கனியில் துணி தொங்கவிடக் கூடாது என்பது கட்டட நிர்வாகக் குழுவின் விதி. மழைக்காலத்தில் எங்கள் உடுப்புகளே காய்வதற்கு இரண்டு நாள் எடுக்கின்றன.

ஒன்லைனில் விற்கப்படும் பொக்கட் நப்பித் தொகுதிகளின் விலையைப் பார்த்தால் நெஞ்சு திக்கென்கிறது. மறுபக்கம், அடுத்த மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருக்கும் அம்மா, "நான் அப்பாவின்ரை பழைய சாரங்களும் வேட்டிகளும் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வாறன், நீ ஒண்டும் வாங்காதே" என்கிறார். நான் மகப்பேற்று விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும்.

நான் அறிய விரும்புவது இவைதான். தண்ணீர், மின்சாரம், சவர்க்காரத்தூள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகும் துணி நப்பியில் காசு மிஞ்சுமா? மிஞ்சுமானால் எந்த வகையை, எத்தனை வாங்க வேண்டும்? எங்கள் வீட்டைப் போன்ற இடத்தில் அவற்றைக் காயவைக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: கொட்டாஞ்சேனைக் கணக்கர்

வணக்கம் சகோதரி. எங்கள் மகனுக்குப் பத்தாம் மாதம் முடிகிறது. நான் தொழிலிலும் கணக்கு எழுதுபவன் என்பதால், வீட்டில் இந்தக் கணக்கும் என் தலையில்தான் விழுந்தது. நீங்கள் தந்த 80 ரூபாவையே வைத்துக்கொண்டு பேசுகிறேன். மற்ற விலைகள் கணக்கு ஓடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும். உங்கள் கையில் இருக்கும் பற்றுச்சீட்டின் தொகையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஏழு என்றால் 560 ரூபா. முப்பது நாளுக்கு 16,800 ரூபா. துணிக்கு மாறும் எல்லோரும் பம்பர்ஸை முற்றாகக் கைவிடுவதில்லை. இரவுக்கு ஒன்று, வெளியே போகும்போது ஒன்று என்று நாளுக்கு இரண்டு வைத்துக்கொண்டால், மாதம் 4,800 ரூபா. மீதமுள்ள நேரத்துக்குத் துணி.

இப்போது சலவைக்கு வருவோம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை இயந்திரத்தைப் போட்டால், மாதத்துக்குப் பதினைந்து சலவை. குளிர்ந்த நீரில் ஒரு சலவைக்கு அரை அலகு மின்சாரம்கூடச் செலவாகாது. மேலிருந்து துணி போடும் இயந்திரம் ஒரு சலவைக்கு நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் எடுக்கும். நீர்ப்பட்டியலில் ஓர் அலகு என்பது ஆயிரம் லீற்றர். ஆகவே கூடுதலாக ஒரு தடவை அலசினாலும் மாதத்துக்கு இரண்டு, மூன்று அலகுகளுக்குள் அடங்கும். தூளையும் சேர்த்துத் தாராளமாக 1,500 ரூபா வைத்தால், மொத்தம் 6,300 ரூபா. மாதம் 10,500 ரூபா மிஞ்சுகிறது.

மச்சாளுடைய கணக்கு இங்கே பொருந்தாமல் போகும் இடம் உலர்த்தும் இயந்திரம்தான். வெப்பக் காற்றால் உலர்த்தும் சாதாரண இயந்திரம், ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று அலகு மின்சாரத்தை எளிதாக எடுத்துவிடும். மாதத்துக்கு நாற்பது அலகு என்று வையுங்கள். நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. அலகு கூடக் கூட அடுத்த அலகின் விலையும் கூடும். ஆகவே அந்த நாற்பது அலகும் உங்கள் பட்டியலின் மிக உயர்ந்த படியில் போய் உட்காரும். குளிரூட்டி ஓடும் வீடு என்றால், 180 அலகைத் தாண்டிய கடைசிப் படியிலேயே அவை விழக்கூடும். பிரித்தானியச் சூழல் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வொன்று, துணி நப்பியின் காபன் பாதிப்புப் பெரும்பாலும் அதைத் துவைத்து உலர்த்தும் விதத்திலேயே தங்கியிருக்கிறது என்று காட்டியது. வெளியில் காயவைத்து, இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே பயன்படுத்தினால்தான் துணி தெளிவாக முந்துகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது சூழலைத்தான் என்றாலும், மின்பட்டியலுக்கும் அதே விதி பொருந்தும்.

எனவே கேள்வி காய்வதில் வந்து நிற்கிறது. எத்தனை நப்பி வாங்க வேண்டும் என்பதைப் பிள்ளையைக் காட்டிலும் உங்கள் கொடிதான் தீர்மானிக்கும். ஒரு நாளைக்கு ஐந்து துணி தேவை, ஒரு நாள்விட்டு ஒரு நாள் துவைக்கிறீர்கள், துவைத்தது அன்றே காய்ந்துவிடுகிறது என்றால், பதினைந்து போதும். அதுவே காய இரண்டு நாள் எடுத்தால், இருபத்தைந்து வேண்டும். கொழும்பில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரையும் தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. கடலுக்கு அருகில் இருப்பதால் உங்களுக்குக் காற்று உண்டு, ஆனால் அது ஈரக்காற்று.

இதில்தான் வகை முக்கியமாகிறது. பொக்கட் நப்பி என்பது நீர் கசியாத வெளித் துணியும், பையைப் போன்ற உட்பக்கமும், அதற்குள் செருகும் உறிஞ்சு துணியும் சேர்ந்தது. வெளிப்பகுதி ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே செருகும் துணி நாலைந்து அடுக்குப் பருத்தியாகவோ மூங்கில் இழையாகவோ இருந்தால், மழை நாளில் ஒரு முழு நாளுக்கு மேல் எடுக்கும். மைக்ரோஃபைபர் அதைவிட விரைவில் காயும், ஆனால் ஈரத்தைத் தோலிலிருந்தும் உறிஞ்சிவிடுவதால் பிள்ளையின் உடலில் நேரடியாகப் படவிடக் கூடாது. ஒற்றை மடிப்புச் சதுரத் துணியோ, விரித்துப் போட்டால் மின்விசிறியின் கீழேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். 70 வற் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் ஏறத்தாழ அரை அலகுதான். அதுவும் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் விசிறி.

பொக்கட் நப்பி ஒன்று 1,500 ரூபா என்று வைத்தால், இருபதுக்கு 30,000 ரூபா. சதுரத் துணி 24 ஐப் புறக்கோட்டையில் துணி வாங்கித் தைப்பித்து, ஒன்று 250 ரூபாவுக்கு முடிந்தால் 6,000. மேலே போடும் நீர் கசியாத கவர் ஐந்து, ஒன்று 1,200 ரூபா என்றால் இன்னொரு 6,000. மொத்தம் 12,000. கவரை ஒவ்வொரு தடவையும் துவைக்கத் தேவையில்லை, மலம் படாவிட்டால் துடைத்துக் காற்றில் விட்டு மறுபடி போடலாம். மாதம் 10,500 மிஞ்சும் வீட்டில், முதலாவது தொகுதியின் விலை மூன்று மாதத்திலும் இரண்டாவதின் விலை ஒரு மாதத்துக்குச் சற்று மேலும் திரும்பி வந்துவிடும். எனது பரிந்துரை இரண்டாவதுதான்.


பதில் 2
எழுதியவர்: தெஹிவளைத் தாய்

கணக்கர் அண்ணாவின் கூட்டலிலும் கழித்தலிலும் பிழை காண எனக்குத் திறமை இல்லை. ஆனால் அவர் எதை எதனோடு ஒப்பிடுகிறார் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏழு பம்பர்ஸ் கட்டும் வீட்டையும் துணி நப்பி வாங்கிய வீட்டையும் பக்கத்தில் வைத்தால், துணி வெல்லத்தான் செய்யும். ஆனால் கொழும்பில் எனக்குத் தெரிந்த பெரும்பாலான வீடுகளில் யாரும் நாளுக்கு ஏழு கட்டுவதில்லை. இரவுக்கு ஒன்று, வெளியில் போகும்போது ஒன்று, வீட்டுக்கு ஆட்கள் வரும்போது அல்லது மதியம் நீண்ட நேரம் தூங்கும்போது ஒன்று. மீதி நேரம் பிள்ளை ரப்பர் சீட்டின் மேல் பழைய துணியை விரித்துப் படுத்திருக்கும். இடுப்பில் ஒரு மெல்லிய துணி சுற்றியிருக்கும், சில வேளை அதுவும் இராது. முப்பது பாகை வெயிலில் பிள்ளைக்கும் அதுதான் சுகம். இதற்கு எந்தத் தொகுதியும் வாங்க வேண்டியதில்லை.

அப்படிப் பார்த்தால் நாளுக்கு மூன்று, மாதம் 7,200 ரூபா. சலவைச் செலவு 1,500 ஐயும் சேர்த்தால் 8,700. ஒரு சதமும் முதலீடு செய்யாமல் இந்தச் சகோதரிக்கு மாதம் 8,100 ரூபா மிஞ்சிவிட்டது. துணி நப்பித் தொகுதி வாங்குவதால் இதற்கு மேல் கிடைப்பது, மூன்று இரண்டாகக் குறைவது மட்டும்தான். அதாவது நாளுக்கு ஒரு பம்பர்ஸ், மாதம் 2,400 ரூபா. 30,000 ரூபாத் தொகுதியின் விலை திரும்புவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் செல்லும். அதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கி, நப்பியை இழுத்துக் கழற்றி எறியப் பழகிவிடும். விற்பவர்களின் விளம்பரங்களில் வரும் கணக்கு எப்போதும் ஏழில் தொடங்குவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல தடவை துவைத்துத் தேய்ந்த பருத்தி, கடையில் வாங்கும் புதுத் துணியைவிட நன்றாக உறிஞ்சும். புதுப் பருத்தியில் இருக்கும் எண்ணெய்த்தன்மை போவதற்கே நாலைந்து சலவை வேண்டும். முதல் நாளே கட்டிவிட்டு ஒழுகுகிறது என்று குறைசொல்பவர்கள் பலர். சாரத்தை ஒன்றரை முழச் சதுரங்களாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தால் போதும். பொலியெஸ்ரர் கலந்த சாரங்களை ஒதுக்கிவிடுங்கள், அவை ஈரத்தை வாங்கா.

என் மூத்த மகன் பிறந்தது 2022 தொடக்கத்தில். அந்த மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 350 ஐத் தாண்டியபோது, பம்பர்ஸின் விலை என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே மாத இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது. மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் சலவை இயந்திரம். அப்போது சகோதரியொருத்தி அன்பளிப்பாகத் தந்த பொக்கட் நப்பிகள் அலுமாரியில் கிடந்தன, ஏனென்றால் அந்தத் தடித்த உறிஞ்சு துணியைக் கையால் அலசி முடிக்க முடியாது. எத்தனை தடவை பிழிந்தாலும் நுரை வந்துகொண்டேயிருக்கும். கைச்சலவைக்கு இசைந்தது மெல்லிய ஒற்றைத் துணி மட்டும்தான். சின்னவளுக்கும் நான் அதையே தொடர்ந்தேன்.

சலவையைப் பற்றி ஒரு வார்த்தை. துணி மென்மையாகவும் வாசமாகவும் இருக்க வேண்டும் என்று சேர்க்கும் திரவத்தை நப்பிகளுக்குச் சேர்க்காதீர்கள். அது இழைகளின் மேல் படிந்து, தண்ணீரை உள்ளே போகவிடாது. தடித்த களிம்பு பூசினால், துணிக்கும் தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய பழந்துணியை வையுங்கள், களிம்பும் அதே வேலையைத்தான் செய்யும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஓர் அலசல், பிறகு தூள் போட்டுச் சலவை, பிறகு தாராளமான அலசல் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். காய்ந்த துணி பிள்ளை நனைத்த உடனேயே மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வீசினால், துணியில் அழுக்கோ தூளோ தங்கிவிட்டது என்று பொருள். இயந்திரத்தைத் திணித்து நிரப்புவதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.


பதில் 3
எழுதியவர்: ஓய்வுபெற்ற தாதி, மட்டக்குளி

செலவைப் பற்றி நல்ல விளக்கங்கள் வந்துவிட்டன. நான் சொல்ல வருவது பிள்ளையின் உடல் தொடர்பான சில விடயங்கள். இவற்றில் கவனம் தவறினால், மிஞ்சிய காசு மருந்துக்கடைக்கே போய்விடும்.

அம்மா கொண்டுவரும் பெட்டியைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். நம்முடைய வீடுகளில் பழைய துணிகளைப் பூச்சி உருண்டை போட்டு வைப்பது வழக்கம். அந்த வெள்ளை உருண்டை நப்தலின் ஆக இருந்தால், அது ஆவியாகித் துணியில் ஊறியிருக்கும். ஜீ-6-பீ-டீ என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளில், அந்தத் துணி உடலில் படுவதாலோ அதன் ஆவியைச் சுவாசிப்பதாலோ சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சட்காமாலையும் இரத்தச்சோகையும் வரலாம். இந்தக் குறைபாடு வெளியில் தெரியாது. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளைக்கு அது உண்டா என்பதே தெரியாது. பிறந்த குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம். ஆனால் மூன்று, நாலு மாதப் பிள்ளைக்கும் அதைத் தவிர்ப்பதே முறை. துணிகளைப் பல நாள் வெயிலிலும் காற்றிலும் விட்டு, பல தடவை துவைத்த பிறகும் மணம் இருந்தால், அவற்றைப் பிள்ளைக்குப் பயன்படுத்தாதீர்கள். அம்மாவிடம் இப்போதே தொலைபேசியில் கேட்டுவிட்டால், அவர் சுமந்து வரும் வேலையாவது மிஞ்சும்.

அடுத்தது வாளி. நப்பிகளை நீரில் ஊறவிட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தவழத் தொடங்கும் பிள்ளை வாளியின் விளிம்பைப் பிடித்து எழும்பித் தலைகீழாக விழுந்தால், ஒரு சாண் தண்ணீரே போதும். இப்படியான மரணங்கள் நடக்கின்றன. உங்கள் மகளுக்கு அந்த வயது வர அதிக காலம் இல்லை. ஊறவைக்காமல், மூடியுள்ள வெறும் வாளியில் போட்டுவைத்து இரண்டு நாளுக்குள் துவைப்பதே நல்லது. குளியலறையில் மறந்துபோய்த் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்பதையும், கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மலம் பட்ட துணியை அப்படியே இயந்திரத்தில் போட வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலம் நீரில் எளிதாகக் கரைந்துவிடும். ஆறு மாதத்தில் திண்ம உணவு தொடங்கிய பிறகு அது ஒட்டும். அப்போது மலசலகூடத்தில் இருக்கும் கைத்தெளிப்பானால் கழிப்பறைக்குள்ளேயே அடித்துக் கழுவிவிட்டு வாளியில் போடுங்கள். பம்பர்ஸில் உள்ள மலத்தையும் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும், ஆனால் அதை ஏறத்தாழ ஒருவரும் செய்வதில்லை. பம்பர்ஸைக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தொடர்மாடியில் அப்படிச் செய்தால் கீழ் வீட்டாரின் சாபம் நிச்சயம்.

துணி நப்பி கட்டினால் தோல் சிவக்காது என்று சிலர் சொல்வார்கள். துணியானாலும் பம்பர்ஸானாலும், நனைந்தது தோலில் நீண்ட நேரம் கிடந்தால் சிவக்கும். துணியில் ஈரம் தோலோடு ஒட்டியே இருப்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பார்த்து மாற்ற வேண்டும். மலம் போனால் உடனே. நீர் கசியாத கவரைப் போட்டுவிட்டு, வெளியில் தெரியவில்லை என்பதற்காக மறந்துவிடக் கூடாது. இந்த வெக்கையில் உள்ளே அவிந்துவிடும். மாற்றும் இடைவெளியில் சிறிது நேரம் ஒன்றும் கட்டாமல் காற்றில் விடுங்கள். பௌடர் போட வேண்டாம், அந்தத் தூசு பிள்ளையின் சுவாசப்பையில் போகும்.

சிவப்பு, தொடையிடுக்கின் மடிப்புகளுக்குள்ளும் இறங்கி, ஓரத்தில் சிறு சிறு புள்ளிகளாகப் பரவினால், அது பூஞ்சணமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், அல்லது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்; மருந்துக்கடையில் தாங்களாகவே களிம்பு வாங்க வேண்டாம். அந்த நாட்களில் பருத்தித் துணிகளைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். கவர்களைக் கொதிக்க வைத்தால் உள்ளேயுள்ள நீர் கசியாத படலம் பிரிந்துவிடும், அதனால் அவற்றைத் தனியே சூடான நீரில் துவையுங்கள். மற்ற நாட்களில் நல்ல அலசலும் வெயிலும் போதுமானவை. கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைத்து, அதைச் சரியாக அலசாமல் கட்டியதால் புண்ணான தோலை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: வெள்ளவத்தை நான்காம் மாடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் இன்றே கேட்டேன். சாரங்கள் உருண்டை போட்ட பெட்டியில்தான் இருக்கின்றன, வேட்டிகள் வேறு அலுமாரியில் வேப்பிலையோடு இருக்கின்றன. வேட்டிகளை மட்டும் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிறிது மனவருத்தம்தான்; "உங்களை எல்லாம் அதிலைதானே வளர்த்தனான்" என்றார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். நான் வேலைக்குப் போன சில மாதங்களின் பிறகு, அம்மா ஊருக்குத் திரும்பிவிடுவார். பிள்ளையைப் பகல் பராமரிப்பு நிலையமொன்றில் விட வேண்டியிருக்கும். நாங்கள் விசாரித்த ஓர் இடத்தில், பம்பர்ஸ் மட்டும்தான் ஏற்போம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இந்த முயற்சியே வீணாகிவிடாதா? மற்றது, ரப்பர் சீட்டும் பழந்துணியும் என்பது வீட்டில் சரி. ஆனால் எங்களுடையது வாடகை வீடு, சோபாவும் மெத்தையும் வீட்டுக்காரருடையவை. முற்பணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.


பதில் 4
எழுதியவர்: தெஹிவளைத் தாய்

பராமரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் சொல்லும். ஓர் ஆள் பல பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. சில இடங்களில், பொக்கட் நப்பியைக் கொண்டுபோய், இது பம்பர்ஸைப் போலவே கழற்றி மாட்டுவது, ஈரம் கசியாத பையில் போட்டுத் திருப்பித் தந்தால் போதும் என்று செய்து காட்டினால் ஒத்துக்கொள்கிறார்கள். என் மகளின் நிலையத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை நாட்களில் அங்கே மூன்று பம்பர்ஸ், வீட்டுக்கு வந்த பிறகு துணி, இரவுக்கு ஒன்று என்று போகிறது. மாதம் இருபத்திரண்டு வேலை நாள் என்று பார்த்தால், ஏழு கட்டியதோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதி. அம்மா உங்களோடு இருக்கும் மாதங்களில்தான் உங்களுக்கு முழுப் பலன். அதனால்தான் இப்போது பெரிய தொகை போட வேண்டாம் என்கிறேன்.

மெத்தை விடயத்தில் உங்கள் பயம் நியாயமானது. நிலத்தில் பாயை விரித்து, அதன்மேல் ரப்பர் சீட்டும் துணியும் போட்டுப் பழக்குங்கள். நாலாம் மாதத்திலிருந்து பிள்ளை புரளத் தொடங்கும். அதற்குப் பிறகு கட்டிலில் விடுவதும் பாதுகாப்பில்லை.


பதில் 5
எழுதியவர்: கொட்டாஞ்சேனைக் கணக்கர்

தெஹிவளைச் சகோதரியின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஏழையும் இரண்டையும் ஒப்பிட்டது கணக்காகச் சரி, வீடாகச் சரியில்லை. அதை வைத்துப் புதிதாக ஒரு வழி சொல்கிறேன்.

அம்மாவின் வேட்டிகள் இருக்கும்போது சதுரத் துணி வாங்கத் தேவையில்லை. எட்டு முழ வேட்டி ஒன்றை வெட்டினாலே அரைப் பங்கு தேவை முடிந்துவிடும். சரிகைக் கரையை மட்டும் வெட்டி ஒதுக்குங்கள், அது தொடையில் உரசும். நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது நீர் கசியாத கவர் நான்கு மட்டும்தான். நான் முன்பு வைத்த விலையில் 4,800 ரூபா. வீட்டுக்காரரின் சோபாவில் மடியில் வைத்திருக்கும் நேரம், ஆட்கள் வரும் நேரம், மதியத் தூக்கம் ஆகியவற்றுக்கு வேட்டித் துணியை மடித்துக் கவரைப் போட்டால், மூன்றாவது பம்பர்ஸ் நின்றுவிடும். மாதம் 2,400 என்றால், கவர்களின் விலை இரண்டு மாதத்தில் திரும்புகிறது. அம்மா ஊருக்குப் போவதற்கு முன்பே கணக்கு மூடப்பட்டுவிடும். இரவுக்குப் பம்பர்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், தூக்கத்துக்கும் ஒரு விலை உண்டு.

காயவைப்பதற்கு, பின்பக்கத்து ஒடுங்கிய இடத்தில் குறுக்காகக் கொடி கட்டாமல், சுவரோடு மடித்து வைக்கக்கூடிய தாங்கியை வாங்குங்கள். இரவில் அதை அறைக்குள் எடுத்து விசிறியின் கீழ் வைக்கலாம். துணிகளை மடித்துப் போடாமல் ஒற்றையாக விரித்துப் போட வேண்டும். காலையில் வெயில் இருக்கும் சில மணி நேரத்தையாவது அவற்றுக்குக் கொடுத்தால், கறையும் வெளுக்கும். இயந்திரத்தின் பிழியும் வேகத்தை உயர்த்தி வைத்தால் பாதி ஈரம் அங்கேயே போய்விடும். ஆனால் கவர்களை அந்த வேகத்தில் பிழிய வேண்டாம்.

கவர் வாங்கும்போது, இடுப்பளவையும் உயரத்தையும் அழுத்தும் பொத்தான்களால் கூட்டிக் குறைக்கக்கூடியதாகப் பாருங்கள், அதுவே பிள்ளை நப்பியை விடும் வரை வரும். ஒட்டும் பட்டி வைத்தவை விலை குறைவு என்றாலும், சலவையில் மற்றத் துணிகளோடு ஒட்டிச் சில மாதங்களில் பிடி தளர்ந்துவிடும். பாவித்த கவர்களைச் சிலர் பாதி விலைக்கு விற்கிறார்கள்; அதில் தவறில்லை. வாங்க முன் தொடையைச் சுற்றிவரும் இலாஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள், இழுத்த இழுப்பில் நின்றுவிட்டால் வேண்டாம். உட்பக்கத்துப் படலத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தால், அது பிரிந்து குமிழ் விட்டிருக்கிறதா என்பது தெரியும். இலாஸ்ரிக்கைத் தையற்காரரிடம் கொடுத்து மாற்றலாம். படலம் பிரிந்த கவரை மட்டும் என்ன விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.